முன் சில்லுக்கு எந்த ரயர்?



2007 இல் போரினால் இடம்பெயர்ந்து வெல்லாவெளிக்குத் திரும்பியவர்களிடம் வயல் இருந்தது. விளைந்ததை ஏற்றிச் செல்ல வாகனம் இருக்கவில்லை. ஆகவே சில குடும்பங்கள் காசு சேர்த்துப் பழைய லொறிகளை வாங்கின. அந்த லொறியே அவர்களது முதலீடு.

2020 இல் ரயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது விலை ஏறியது. நாம் அறிந்த ஒரு லொறிக்கு, "கிடைத்ததைப் பூட்டுவோம்" என்று ஒரு முன் சில்லுக்கு 10.00-20 ரயரும் மற்றதற்குப் பழைய 9.00-20 ரயரும் பூட்டினார்கள். பெரும்போக நெல்லுடன் பட்டிருப்புப் பாலத்தை நெருங்கும்போது சிறிய ரயர் வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தப் போகத்து வருமானத்தில் பெரும்பகுதி திருத்த வேலைக்கே போயிற்று.

பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சில்லுகள் சோடியாக ஓடுகின்றன. ஒன்று வெடித்தால் மற்றது சிறிது தூரமேனும் தாங்கும். முன்னால் பக்கத்துக்கு ஒன்றுதான். பாரத்தைச் சுமப்பதும் அதுவே, வண்டியைத் திருப்புவதும் அதுவே. ஆகவே ரயர் வாங்குமுன் பின்வருவனவற்றைக் கவனிப்போம்.

முதலாவது, அளவு. 10.00-20 என்றால் ரயரின் அகலம் ஏறத்தாழ 10 அங்குலம், றிம்மின் விட்டம் 20 அங்குலம். இதற்குப் பதில் 9.00-20 பூட்டினால் ரயரின் உயரம் மூன்று நான்கு சென்றிமீற்றர் குறையும். தாங்கும் பாரமும் குறையும். பெரிதாகப் பூட்டினால், முழுவதாகத் திருப்பும்போது வில்லிலோ மட்காட்டிலோ உரசும். லொறி செய்தவர்கள் குறித்த அளவே சரியான அளவு.

இரண்டாவது, றிம். 11R22.5 ரயரின் உயரம் 10.00R20 ரயரின் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் அது ரியூப் இல்லாத ரயர். 20 அங்குல றிம்மில் ஏறாது. அதைப் போடுவதானால், அந்த லொறிக்குப் பொருந்தும் றிம்களையும் சோடியாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பாரம். ரயரின் பக்கத்தில் 146/143 போன்ற இலக்கம் இருக்கும். முன் இலக்கம் தனிச் சில்லுக்கு, பின் இலக்கம் சோடிச் சில்லுக்கு. 146 என்றால் 3000 கிலோ. முன் சில்லுக்கு முன் இலக்கத்தையே பாருங்கள். சரியான காற்று இருந்தால்தான் அந்தப் பாரத்தைத் தாங்கும்.

நான்காவது, சோடி. இரு முன் ரயர்களும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே அளவு தேய்மானமாக இருக்க வேண்டும். எழுத்தில் R இருந்தால் றேடியல். ஒரு பக்கம் றேடியலும் மறுபக்கம் சாதாரண ரயரும் வேண்டாம். "டாக்" பண்ணிய ரயரைப் பின்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னுக்குப் புதியதே நல்லது.

ஐந்தாவது, வயது. DOT என்னும் எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பூ தேயாவிட்டாலும் இறப்பர் முதுமையடையும்.

இரண்டு புதிய ரயருக்குக் காசு போதாவிட்டால் என்ன செய்வது? பின்னால் ஓடும் ரயர்களில் அதே அளவும் வகையுமான நல்ல சோடி இருந்தால், அதை முன்னுக்கு மாற்றி, வாங்கக்கூடியதைப் பின்னுக்குப் பூட்டலாம். அங்கும் சோடி பொருந்த வேண்டும். அதுவும் இயலாவிட்டால் மூட்டைகளைக் குறைத்து இரண்டு நடையாக ஏற்றுவோம். எரிபொருள் கூடும், ஆனால் சாரதியாகப் போகிறவர் நமது பிள்ளை அல்லவா?