100 கோடி டாலர் மக்காச்சோளத்தை அழித்த பூஞ்சணம்!

அமெரிக்காவில் 1970-ம் ஆண்டு மக்காச்சோளப் பயிருக்குப் பெரிய ஆபத்து வந்தது. ஒரு பூஞ்சணம், நாட்டின் மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தை அழித்துவிட்டது. நஷ்டம் சுமார் 100 கோடி டாலர்!

அந்த நாட்டில் மாடு, பன்றி, கோழி எல்லாவற்றுக்கும் மக்காச்சோளம்தான் தீவனம். அது குறைந்தால் பால், முட்டை, இறைச்சி எல்லாமே விலை ஏறும். அதனால் நகரத்து மக்களும் கவலைப்பட்டார்கள்.

இலையில் புள்ளி

முதலில் தெற்குக் கோடியில் உள்ள புளோரிடா மாநிலத்தில் நோய் தலைகாட்டியது. பச்சை இலையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. அவை நீண்டு, ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. இலை நெருப்பில் வாட்டியதுபோல் கருகியது. பிறகு தண்டையும் கதிரையும் நோய் பிடித்தது. கதிர்கள் அழுகின.

பூஞ்சணத்துக்கு விதை போன்ற நுண்ணிய வித்துக்கள் உண்டு. அவை காற்றில் தூசிபோல் வடக்கே பறந்தன. ஆகஸ்டு மாதத்துக்குள், மக்காச்சோளக் களஞ்சியமான இல்லினாய்ஸ், இந்தியானா, அயோவா மாநிலங்களிலும் நோய் பரவிவிட்டது.

வெப்பமும் ஈரமும்

இந்தப் பூஞ்சணத்துக்கு 20 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் தோதானது. ஆனால் வெப்பம் மட்டும் போதாது. இலைமேல் ஈரம் வேண்டும். அது மழைத் துளியாகவும் இருக்கலாம், பனித் துளியாகவும் இருக்கலாம்.

இலை சில மணி நேரம் காயாமல் இருந்தால் வித்து முளைவிட்டு உள்ளே நுழையும். சில நாட்களில் புள்ளி தோன்றும். அந்தப் புள்ளியில் ஏராளமான புது வித்துக்கள் உண்டாகி, அடுத்த செடிகளைப் பிடிக்கும்.

வெயில் அடித்து இலை உலர்ந்தால் நோயின் வேகம் அடங்கும். 1970-ல் வெப்பமும் மழையும் சேர்ந்து வந்தன.

ஒரே தாய் வழி

வெப்பமும் மழையும் அமெரிக்காவுக்குப் புதியவை அல்ல. இலைக் கருகல் நோயும் புதியது அல்ல. பிறகு ஏன் இத்தனை நாசம்?

காரணம், விதை!

வீரிய விதை உண்டாக்க இரண்டு ரகங்களை அருகருகே நடுவார்கள். ஒன்றின் மகரந்தம் மற்றதன் கதிரில் விழவேண்டும். அதற்காகத் தாய்ச் செடியின் உச்சியில் உள்ள ஆண் பூவை ஒடித்து எடுப்பார்கள். கோடை விடுமுறையில் மாணவர்கள் கூலிக்கு இந்த வேலையைச் செய்தார்கள்.

பிறகு டெக்சாஸ் மாநிலத்தில், மகரந்தம் உண்டாகாத ஒரு வகைச் செடி கிடைத்தது. அதைத் தாயாக வைத்தால் கூலி மிச்சம்! கம்பெனிகள் அதையே பிடித்துக்கொண்டன. 1970-ல், அமெரிக்க மக்காச்சோளத்தில் 100-க்கு சுமார் 85 பங்கு அந்தத் தாய் வழியில் வந்தது.

பூஞ்சணத்தில் தோன்றிய ஒரு புதிய வகை, அந்தத் தாய் வழிச் செடிகளுக்குக் கடும் விஷத்தைச் சுரந்தது. ஒரு வீட்டைத் திறந்த கள்ளச் சாவி, ஊரில் உள்ள வீடுகளையெல்லாம் திறந்துவிட்டது!

இந்தச் செடிகளை நோய் எளிதில் பிடிக்கிறது என்று பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1961-லேயே கூறியிருந்தார்கள். அமெரிக்காவில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மீண்டது எப்படி?

கம்பெனிகள் அவசர அவசரமாகப் பழைய வகை விதையைப் பெருக்கின. உள்நாட்டில் பனிக்காலம் என்பதால், ஹவாய் போன்ற வெப்பமான இடங்களில் பயிரிட்டார்கள். 1971-ல் வானிலையும் கைகொடுத்தது. நஷ்டம் வெகுவாகக் குறைந்தது. டெக்சாஸ் தாய் கைவிடப்பட்டது. ஆண் பூ ஒடிக்கும் வேலை மீண்டும் வந்தது.

1972-ல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மற்ற முக்கியப் பயிர்களிலும் பல, ஒரே மாதிரி விதைகளை நம்பி இருப்பது ஆபத்து என்று அது எச்சரித்தது.

இலைக் கருகல் நோய் இந்தியாவிலும் உண்டு. அறுவடைக்குப் பின் வயலில் கிடக்கும் தட்டையில் பூஞ்சணம் உயிரோடு தங்கும். ஆகவே தட்டையை மடக்கி உழவேண்டும். அடுத்த போகத்தில் வேறு பயிர் போடுவது நல்லது. நோய் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

மழையையும் பனியையும் நிறுத்த யாராலும் முடியாது. எந்த விதையை விதைப்பது என்பது மட்டும் மனிதன் கையில் இருக்கிறது.