மியூசிக் பிளேயரில் பாட்டு ஏற ஏன் இவ்வளவு நேரம்? கேபிளைத் திட்டுவதற்கு முன் இதைப் படிங்க!

லேப்டாப் புதுசு. கேபிளும் புதுசு. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த பாடல்களை மியூசிக் பிளேயரில் ஏற்றிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘சிங்க்’ பட்டனை அழுத்துகிறீர்கள். ‘2 நிமிடம் மீதம்’ என்கிறது திரை. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ‘47 நிமிடம் மீதம்’. இன்டர்நெட்டே தேவைப்படாத வேலை, நடுவில் இருப்பது ஒரு முழ வயர். அப்புறம் ஏன் இந்த இழுவை?

ஸ்மார்ட்போன் இருக்கும்போது தனி பிளேயர் யாருக்கு வேணும் என்று கேட்கலாம். ஐபாட் டச்சுக்கு ஆப்பிள் 2022 மே மாதம் விடை கொடுத்துவிட்டது. ஆனால் சோனி இன்னும் வாக்மேன் விற்கிறது. நோட்டிஃபிகேஷன் தொல்லை இல்லாமல் பாட்டு கேட்க விரும்புகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். தவிர, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குப் பாட்டு ஏற்றினாலும் இதே கதைதான்.

கணக்கு சரிதான், ஆனால்...

முதலில் அந்த ‘2 நிமிடம்’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெரும்பாலான பிளேயர்கள் பயன்படுத்துவது 2000-ம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0. அதன் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். இது பிட் கணக்கு. நம் பாட்டு ஃபைல் இருப்பது பைட் கணக்கில். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 60 மெகாபைட். கட்டுப்பாட்டுத் தகவல்களுக்குப் போனது போக, கையில் கிடைப்பது 30 முதல் 40 மெகாபைட். ஒரு பாட்டு 4 மெகாபைட் என்றால், ஆயிரம் பாட்டு ஏறக்குறைய 4 ஜி.பி. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

அதாவது வயரின் வேகம் மட்டுமே கணக்கு என்றால் திரை சொன்னது சரி. ஆனால் வயர் ஒரு ரோடு மாதிரிதான். ரோடு எட்டு வழிச்சாலையாக இருந்தாலும், கடைசியில் சரக்கை இறக்கும் குடோனுக்கு ஒரே ஒரு கதவு இருந்தால் லாரி வரிசை கட்டித்தான் நிற்கும்.

2001 அக்டோபரில் வந்த முதல் ஐபாடே இதற்கு நல்ல சாட்சி. அன்றைக்கு மற்ற பிளேயர்கள் நம்பியிருந்தது யூ.எஸ்.பி. 1.1, விநாடிக்கு 12 மெகாபிட். அந்த வேகத்தில் 5 ஜி.பி. ஏற்ற ஒன்றரை மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஆப்பிள் அதைத் தவிர்த்து, விநாடிக்கு 400 மெகாபிட் வேகம் கொண்ட ஃபயர்வயர் இணைப்பைக் கொடுத்தது. ஆயிரம் பாட்டு பத்து நிமிடத்துக்குள் ஏறும் என்று விளம்பரம் செய்தது. பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 ஜி.பி.யைப் பத்து நிமிடத்தில் ஏற்றினால் விநாடிக்கு 8 மெகாபைட் சொச்சம். ஃபயர்வயரின் கொள்ளளவோ 50 மெகாபைட். மீதி வேகம் எங்கே போனது? உள்ளே இருந்தது 1.8 அங்குல குட்டி ஹார்ட் டிஸ்க். அது எழுதும் வேகத்தில்தானே பாட்டு ஏறும்?

எழுதுவதுதான் கஷ்டம்

இப்போது ஹார்ட் டிஸ்க் போய் ஃபிளாஷ் மெமரி வந்துவிட்டது. சுற்றும் பாகம் எதுவும் இல்லை. ஆனாலும் எழுதும் விஷயத்தில் ஃபிளாஷுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே அதனால் எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அதுவும் வேண்டிய இடத்தை மட்டும் அழிக்க முடியாது. ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். அந்த பிளாக்கில் நமக்குத் தேவையான வேறு பாடல்களும் இருந்தால்? அவற்றை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, பிறகு அழித்து, பிறகு எழுத வேண்டும். நீங்கள் ஒரு பாட்டு அனுப்ப, உள்ளே அதைவிட அதிகமாக எழுத்து வேலை நடக்கிறது.

மெமரி நிரம்ப நிரம்ப வேகம் குறைவதற்கு இதுதான் காரணம். காலி இடம் நிறைய இருந்தால் தயாராக அழித்து வைத்த பிளாக்குகள் கிடைக்கும். 95 சதவீதம் நிரம்பிய பிளேயரில் ஒவ்வொரு பாட்டுக்கும் இடம் ஒதுக்கித்தர வேண்டியிருக்கும். சில மெமரிகளில் முதலில் வருவதை வேகமாக வாங்கி வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பகுதி இருக்கும். அது நிரம்பும்வரை பாட்டு பறக்கும், நிரம்பியதும் படுத்துவிடும். ‘ஆரம்பத்துல நல்லாத்தானே போச்சு’ என்று நாம் புலம்புவது இங்கேதான்.

மைக்ரோ எஸ்.டி. கார்டு போட்டிருந்தால் இன்னொரு விஷயம். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘100’ பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகத்துக்கான உத்தரவாதம் கார்டின் மூலையில் சின்னதாக இருக்கும். வட்டத்துக்குள் 10 என்று இருந்தால், குறைந்தபட்சம் விநாடிக்கு 10 மெகாபைட். அந்த வேகத்தில் 64 ஜி.பி. கார்டை நிரப்ப ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இதற்கு கேபிளை மாற்றி என்ன பிரயோஜனம்?

ஆயிரம் பாட்டு, ஆயிரம் சடங்கு

ரேஷன் கடையில் ஒருவர் 20 கிலோ அரிசி வாங்குவதும், 20 பேர் ஆளுக்கு ஒரு கிலோ வாங்குவதும் ஒன்றா? அரிசி ஒரே அளவுதான். ஆனால் 20 பேருக்கும் தனித்தனியாகக் கார்டு, கைரேகை, பில். ஃபைல்களும் அப்படித்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் பதிய வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், எழுதி முடித்ததும் பதிவேட்டைத் திருத்த வேண்டும். 4 ஜி.பி. சினிமா ஒன்று சரசரவென்று ஏற, அதே அளவுள்ள ஆயிரம் பாட்டு திணறுவது இதனால்தான்.

இதோடு எம்.டி.பி. என்ற நடைமுறையும் சேர்ந்துகொள்ளும். மைக்ரோசாஃப்ட் 2004-ல், விண்டோஸ் மீடியா பிளேயர் 10 வந்த காலத்தில் கொண்டுவந்தது. டிஜிட்டல் கேமராவிலிருந்து படம் எடுப்பதற்காக இருந்த ஒரு முறையை நீட்டித்து உருவாக்கியது. இதில் பிளேயரின் மெமரியை கம்ப்யூட்டர் நேரடியாகத் தொட முடியாது. ‘ஒரு பாட்டு அனுப்பப்போறேன், இவ்வளவு பெரிசு’ என்று சொல்லி, அனுமதி வாங்கி, அனுப்பி, ‘வந்துடுச்சு’ என்ற பதிலைக் கேட்ட பிறகுதான் அடுத்த பாட்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். ஃபோல்டரைத் திறந்தாலே பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போவது இதனால்தான்.

அப்புறம் ஏன் ஆண்ட்ராய்டு இதைத் தேர்ந்தெடுத்தது? பழைய முறையில், போனை கம்ப்யூட்டரில் செருகினால் மெமரி முழுவதும் கம்ப்யூட்டர் வசம் போய்விடும். அதுவரை போனால் அதைப் பயன்படுத்த முடியாது. எம்.டி.பி.யில் அந்தச் சிக்கல் இல்லை. பாதியில் வயரைப் பிடுங்கினாலும் மொத்த மெமரியும் குழம்பிப்போகும் ஆபத்து குறைவு. நியாயமான பேரம் என்றே தோன்றுகிறது, காத்திருக்கும்போது எரிச்சல் வந்தாலும்.

சிங்க் என்றால் காப்பி மட்டுமல்ல

காப்பி பேஸ்ட் செய்வது வேறு, சிங்க் செய்வது வேறு. சிங்க் என்றால் இரண்டு பக்கப் பட்டியலையும் ஒப்பிட வேண்டும்: எது புதிது, எதை நீக்கினீர்கள், எந்தப் பிளேலிஸ்ட் மாறியது என்று. ஐபோன், ஐபாட் டச் என்றால் அதற்கு முன்பே பேக்கப் ஓடத் தொடங்கும். பாட்டே ஏறாமல் பத்து நிமிடம் போனால் பழி பெரும்பாலும் அந்த பேக்கப் மேல்தான்.

இதையெல்லாம்விட நேரம் தின்பது ஃபார்மேட் மாற்றம். ஐடியூன்ஸில், தரம் கூடிய பாடல்களை 128 கே.பி.பி.எஸ். அளவுக்குச் சுருக்கி ஏற்றும் ஒரு டிக் பாக்ஸ் உண்டு. அது ஆன் ஆகியிருந்தால், ஒவ்வொரு பாட்டையும் கம்ப்யூட்டர் பிரித்து மறுபடி சுருக்க வேண்டும். இந்த விஷயத்தில் சோனி சூடு கண்டது. 2004-ல் 20 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கோடு வந்த என்.டபிள்யூ-ஹெச்.டி.1 பிளேயர், எம்பி3 பாடல்களை நேரடியாகப் பாடாது. எல்லாவற்றையும் சோனிக்ஸ்டேஜ் மென்பொருள் வழியாக சோனியின் சொந்த அட்ராக் ஃபார்மேட்டுக்கு மாற்ற வேண்டும். ஐபாட் எம்பி3-ஐ அப்படியே பாடிக்கொண்டிருந்த காலத்தில் இது யாருக்குப் பிடிக்கும்? சில மாதங்களிலேயே புதிய மாடலில் எம்பி3-க்கு இடம் கொடுத்தது சோனி.

100% என்றாலும் அவசரப்படாதீங்க

நேரம் வீணாவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. பழைய பாணியில் பென் டிரைவ் போலத் தெரியும் பிளேயர்களில், ‘முடிந்தது’ என்று திரை சொன்னாலும் எழுத்து வேலை முடியாமல் இருக்கலாம். சில கம்ப்யூட்டர்கள் பாட்டைத் தங்கள் ரேமில் வாங்கி வைத்துவிட்டு, பின்னால் மெதுவாக எழுதும். அந்த நேரத்தில் வயரை உருவினால் பதிவேடு அரைகுறையாக நிற்கும். ஒரு பாட்டு மட்டுமல்ல, ஏற்கெனவே இருந்த ஃபோல்டரும் காணாமல் போகலாம். விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து இப்படித் தேக்கி வைக்காமல் எழுதுவதையே மைக்ரோசாஃப்ட் இயல்பாக வைத்துவிட்டது. ஆனாலும் எந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும் ‘எஜெக்ட்’ கொடுத்து, அது முடியும்வரை பொறுத்திருங்கள்.

சரி, என்னதான் செய்வது?

முதலில் ஒரு சின்ன சோதனை. ஒரே ஒரு பெரிய வீடியோ ஃபைலை ஏற்றிப் பாருங்கள். அது வேகமாகப் போனால் கேபிளும் போர்ட்டும் நன்றாக இருக்கின்றன. சிக்கல் சின்னச் சின்ன ஃபைல்களில், அல்லது ஃபார்மேட் மாற்றத்தில். அதுவும் ஊர்ந்தால் கேபிளை மாற்றிப் பார்க்கலாம், ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகலாம். டைப்-சி என்றாலே வேகம் என்று நினைக்க வேண்டாம். 2023-ல் வந்த ஐபோன் 15-ல் டைப்-சி இருக்கிறது, வேகம் அதே பழைய 480 மெகாபிட். 15 ப்ரோ 10 கிகாபிட் வரை போகும். ஆனால் பெட்டிக்குள் வந்த கேபிள் யூ.எஸ்.பி. 2.0 ரகம்தான்!

மெமரியில் பத்துப் பதினைந்து சதவீதம் காலியாக விடுங்கள். ஃபார்மேட் மாற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள். பிளேயரில் மைக்ரோ எஸ்.டி. கார்டு இருந்தால், அதைக் கழற்றி யூ.எஸ்.பி. 3.0 கார்டு ரீடரில் போட்டு ஏற்றுவதுதான் ஆகச் சிறந்த வழி. எம்.டி.பி. சடங்கு மொத்தமும் மிச்சம். அப்போதும் கார்டு எழுதும் வேகத்துக்கு மேல் போகாது என்பதால், முதல் தடவை முழுக் கலெக்‌ஷனையும் ஏற்றுவதை மட்டும் ராத்திரி தூங்கப்போகும் முன் போட்டுவிட்டுப் போங்கள்.