ஓசூர் பக்கம் கூடாரம் போடலாமா?

பெங்களூருவிலிருந்து தெற்கே வரும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், அத்திப்பள்ளியைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் முதல் ஊர் ஜூஜுவாடி. சோதனைச் சாவடி, சிப்காட் தொழிற்சாலைகள், ஷிப்ட் பஸ்கள், வரிசை கட்டி நிற்கும் லாரிகள் என்று ஊரின் வாரநாள் முகம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலையில் இன்னொரு கூட்டம் அதில் கலந்துகொள்கிறது. பெங்களூரு கார்கள் ஓசூருக்குள் நுழைந்து தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று தென்மேற்கே திரும்புகின்றன. பின்சீட்டில் பாய் இல்லை, அடுப்பு இல்லை. போகும் இடத்தில் கூடாரம் தயாராக நிற்கிறது; உள்ளே கட்டில், மெத்தை, மின்விளக்கு; ஓரத்தில் கழிப்பறை; வெளியே இரவு நெருப்பு மூட்ட விறகு.

கூடாரம் அடித்துத் தங்குவது கேம்பிங். அதையே ஓட்டல் வசதியோடு செய்தால் கிளாம்பிங். இந்தச் சொல் 2016-இல்தான் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்குள் போனது. இன்றைய வடிவில் இந்த வழக்கம் வளர்ந்தது இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் என்பதால், நம் ஊர் விளம்பரப் படங்களும் அந்த ஊர்ப் படங்கள் மாதிரியே இருக்கின்றன: பச்சைப் புல்வெளி, வெள்ளைக் கூடாரம், தொலைவில் மங்கலாக மலை. படம் பொருந்துகிறது. மற்றதெல்லாம் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற தையல்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும் அளவுக்கு எடை குறைந்த கூடாரங்களைச் செய்தவர். 1901-இல் வான்டேஜ் என்ற சிற்றூரில் சிலரைச் சேர்த்து அவர் தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது. 1907-இல் டார்செட் கரையோரத்து பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களுக்கு நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் கிளம்பியது. அன்று முதல் இன்றுவரை அங்கே கூடாரம் என்றால் கோடைகாலம். பள்ளி விடுமுறை, நீண்ட பகல், நனைந்தாலும் உலர்ந்துவிடும் மழை.

அரசும் அதற்கேற்ப வழி செய்திருக்கிறது. 2023 ஜூலையில் வந்த விதிப்படி, இங்கிலாந்தில் ஒரு விவசாயி தன் நிலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை, 50 இடங்கள் வரை, திட்ட அனுமதி வாங்காமலேயே தற்காலிகக் கூடார முகாம் நடத்தலாம். ஆனால் ஆண்டுதோறும் உள்ளாட்சி அமைப்புக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கழிப்பறையும் குப்பை அகற்ற ஏற்பாடும் இருந்தே ஆக வேண்டும். அரிய உயிரினங்களுக்காகப் பாதுகாக்கப்பட்ட நிலம், தொல்சின்னம் உள்ள நிலம் இவற்றில் இந்தச் சலுகை கிடையாது. நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கும் உரிமை அங்கும் இல்லை. டெவன் மாவட்டத்தின் டார்ட்மூர் பொதுநிலங்கள் விதிவிலக்கு. அந்த விலக்குக்கும் உச்ச நீதிமன்றம் வரை போராடி, 2025 மே மாதம்தான் தீர்ப்பு வாங்கினார்கள்.

இதையெல்லாம் ஓசூரோடு சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் இந்த மேட்டுநிலத்தின் குளிர் வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. தளிக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்ற பெயர் அந்தக் காலத்திலிருந்து வருகிறது. ஓசூரில் பிரெட் என்ற சேலம் கலெக்டர் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாளிகைக்கு, வார்விக்‌ஷயரில் உள்ள கெனில்வொர்த் கோட்டையின் பெயரையே வைத்தார்கள். காதலியின் நிபந்தனைக்காகக் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு, கதையாகவே கேட்டுக்கொள்ளலாம். வார்விக்‌ஷயர் கோட்டையை இன்றும் மக்கள் சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். ஓசூர்க் கோட்டை இடிந்து பாழானது.

ஆனால் இந்த வட்டாரத்தின் கூடார வரலாறு இதைவிடப் பழையது, சுவையானதும்கூட. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிகள் அதில் அடங்கும். மலைக்கு மேலே இருக்கும் ஓசூர்ப் பகுதி, 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் கம்பெனிக்குப் போனது. பாராமகாலை அளந்து வரி நிர்ணயிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஏழு ஆண்டு இங்கே இருந்தார். அதில் பெரும்பகுதி கூடார வாழ்க்கை. ஊர் ஊராகப் போய்ச் சங்கிலி போட்டு அளந்து, விவசாயியோடு நேராகப் பேசி வரி போட்ட ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான அவர் 1827-இல் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். அதை நினைத்தால், இங்கிலாந்து விதி கழிப்பறையைக் கட்டாயமாக்கியிருப்பது வெறும் சொகுசுக்காக அல்ல.

திப்புவின் கூடாரம் ஒன்று கடல் கடந்து போன கதையும் இருக்கிறது. பூவேலைப்பாடு செய்த சீட்டித் துணியால் ஆன அது, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அன்றைய சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் குடும்பத்துக்குப் போய், வேல்ஸில் உள்ள பவிஸ் கோட்டையில் இன்றும் இருக்கிறது. கிளைவ் குடும்பத்தார் தோட்ட விருந்துகளுக்கு அதை விரித்துப் பயன்படுத்தினார்கள். கிளாம்பிங் இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்தது என்பதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

சரி, இன்றைய விஷயத்துக்கு வருவோம். ஓசூரில் கூடாரத்துக்கு ஏற்ற காலம் எது? மழை ஓய்ந்து, பனி இறங்கி, இரவு குளிரும் நவம்பர் முதல் ஜனவரி வரை. முன்பதிவு குவிவதும் அப்போதுதான். மானாவாரி ராகி முற்றி அறுவடைக்கு வருவதும் அதே காலம். கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்குவதும் அதே காலம். சில கூட்டங்கள் ஓசூருக்குக் கிழக்கே சானமாவு, போடூர்பள்ளம் காடுகள் வரை வருகின்றன. சானமாவில் தேசிய நெடுஞ்சாலையையே கடக்கின்றன. இங்கிலாந்து விவசாயிக்குக் கூடாரக் காலமும் காட்டு விலங்குக் காலமும் ஒன்றாக வருவதில்லை. அங்கே கூடாரத்தை மிதிக்கக்கூடிய விலங்கு பக்கத்து வயலின் மாடுதான். இங்கே இரண்டுக்கும் ஒரே சீசன்.

அந்த மாதங்களில் இந்தப் பக்கத்து விவசாயி எப்படித் தூங்குகிறார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தூங்குவதில்லை. வயலில் பரண் கட்டி, கம்பளி போர்த்தி, டார்ச்சும் பட்டாசும் வைத்துக்கொண்டு காவல் இருக்கிறார். காசு கொடுத்து ஒருவர் அனுபவிக்கும் திறந்தவெளி இரவை, கைமுதலைக் காப்பாற்ற இன்னொருவர் விழித்துக் கழிக்கிறார். வனத்துறையும் இரவோடு இரவாக யானைக் கூட்டத்தை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு விரட்டிக்கொண்டு போகிறது. ஓசூர்க் காடுகள் தொடர்ச்சியாக இல்லை. நடுவில் பட்டா நிலம், ஊர், ரோஜாத் தோட்டத்துப் பசுமைக் குடில், சாலை எல்லாம் கிடக்கின்றன. விரட்டப்படும் கூட்டம் இவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். "இங்கே யானை வந்ததே இல்லை" என்று ரிசார்ட்காரர் சொல்வது ஒன்பது மாதத்துக்கு உண்மையாகவே இருக்கலாம். மீதி மூன்று மாதத்தில்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், எஸ்டேட் ஒன்றில் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அதே மாதம் நீலகிரி மசினகுடியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். அது காதோடு ஒட்டிக்கொண்டு எரிந்தது, யானை இறந்தது. மனிதர் சாவதும் யானை சாவதும் ஒரே தவறின் இரண்டு முடிவுகள். நம் பக்கத்தில் மின்வேலி இன்னும் பெரிய எமன். 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் வரும் குட்டி ரகு, இதே ஓசூர் வனப்பகுதியில் தாயை மின்சாரத்துக்குப் பறிகொடுத்தவன். உங்கள் ரிசார்ட் பாதுகாப்புக்காக என்ன வேலி போட்டிருக்கிறது என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அங்கே தங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கூடாரம் அடிப்பது அப்புறம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பெரிய காடுகளில் 504 சதுர கிலோமீட்டர், 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. 2022-இல் காவிரி தெற்கு சரணாலயம் அதனோடு சேர்ந்தது. அது 686 சதுர கிலோமீட்டர். அங்கே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2018 மார்ச் 11-இல் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. அந்த வழியில்தான் 2024-இல் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளைத் திறந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் மலையும் அய்யூர்–சாமிஏரியும் அதில் உண்டு. காடு பார்க்க ஆசை என்றால் வழிகாட்டியோடு போகும் இந்த வழியே நேர்வழி. அய்யூரில் வனத்துறையின் சூழல் பூங்காவும் இருக்கிறது.

தனியார் பட்டா நிலத்தில் கூடாரம் நடத்துவதற்கும் வரம்பு உண்டு. முகாம் சுற்றுலா, சாகசச் சுற்றுலா, கேரவன் சுற்றுலா நடத்துகிறவர்கள் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நடைமுறையில் கூடாரத்துக்குச் சுவரும் அஸ்திவாரமும் இல்லாததால், கட்டட அனுமதி பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் பலர் இறங்குகிறார்கள். விவசாய நிலத்தில் வாராவாரம் வாடகை வசூலிக்கும் தொழிலை விவசாயம் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தைப் போல நமக்கும் ஒரு தெளிவான சிறு விதி தேவை: இத்தனை நாள், இத்தனை கூடாரம், காட்டு எல்லையிலிருந்து இவ்வளவு தூரம், ஊராட்சிக்கும் வனச்சரகருக்கும் முன்னறிவிப்பு. சிறு விவசாயிக்கு அது கூடுதல் வருமானம். ராகி விலை மட்டும் பார்த்து அவர் இந்தக் காலத்தில் நிலத்தைக் காப்பாற்ற முடியாது. விதி இல்லாத இடத்தில் சம்பாதிப்பது வெளியூர் முதலாளி. யானை வந்தால் மாட்டிக்கொள்வது பக்கத்து வயல்காரர்.

யானையைவிடச் சின்ன விஷயங்களும் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிப்பதில் பேர்போனது. கடி வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்கல் என்று ஆரம்பித்த பிறகே பலருக்குத் தெரிகிறது. ஆகவே உயரமான கட்டில் போட்ட கிளாம்பிங் கூடாரம் இந்த ஒரு விஷயத்தில் பாயைவிட மேல். கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள், காலையில் ஷூவை உதறிப் போடுங்கள். கடி என்று சந்தேகம் வந்தால் மந்திரம், கத்தி, கயிறு எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனை.

குளிருக்குக் கரி அடுப்பையோ பார்பிக்யூ தட்டையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அணைந்துவிட்டது மாதிரி தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இங்கிலாந்தில் கூடாரச் சாவுகளுக்கு இது தெரிந்த காரணம். டிசம்பர் குளிரில் ஓசூரிலும் அதே ஆசை வரும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீர்நிலைக் காட்சிக்கு மயங்கவும் வேண்டாம். தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணை பார்க்க அழகு. ஆனால் பெங்களூருவின் கழிவுநீர் சேர்ந்து வரும் ஆறு அது. மழைக்காலத்தில் அணையிலிருந்து வெளியேறும் தண்ணீரில் வெள்ளை நுரை மலைபோல் எழும். கூடாரக்காரர்கள் அனுப்பும் படத்தில் அந்த நுரை இருக்காது.

பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: சுற்றுலாத் துறைப் பதிவு எண் என்ன, காப்புக்காட்டு எல்லை எவ்வளவு தூரம், போன நவம்பர்–ஜனவரியில் இந்தப் பக்கம் யானை வந்ததா, இரவில் ஏதாவது என்றால் எந்த வனச்சரக அலுவலகம், எந்த அரசு மருத்துவமனை. பதில் சொல்ல முடிந்தவரிடம் தங்குங்கள். இரவில் பாட்டு, லேசர் விளக்கு, பட்டாசு, ட்ரோன் என்று பட்டியல் காட்டுகிறவர்களை விட்டுவிடுங்கள். ராகி அறுவடை முடியும்வரை காட்டோரக் கூடாரமே வேண்டாம். பிப்ரவரிக்குப் பிறகு வெயில் கொஞ்சம் கூடியிருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும், அப்போது வாருங்கள்.