நோயின் பெயரை மறைக்க வேண்டாம்: மனநலச் சிகிச்சையும் மருத்துவக் காப்பீடும்

மனநலப் பிரிவிலிருந்து நோயாளி வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "டாக்டர், டிஸ்சார்ஜ் சம்மரியில் மனநோய் என்று எழுத வேண்டாம், காய்ச்சல் என்றோ வயிற்றுப்புண் என்றோ போட்டுவிடுங்கள்" என்பதே அது. மகளின் திருமணம், மகனின் வேலை, உறவினரின் பேச்சு என அதன் பின்னுள்ள அச்சங்களை நாங்கள் அறிவோம். மனநோய்க்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்காது என்ற எண்ணமும் அவற்றுடன் சேர்ந்துகொள்கிறது. அவ்வெண்ணம் இன்று சரியன்று.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. உடல்நோய்களுக்கு வழங்கும் அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு கூறுகிறது.

காப்பீட்டுப் படிவத்தில் நோயின் பெயருடன் ஒரு குறியீடும் எழுதப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டிலிருந்து எடுக்கப்படுவது அது. அதன் பத்தாம் பதிப்பில் மனநோய்களின் குறியீடுகள் 'எஃப்' என்னும் எழுத்தில் தொடங்கும். மனச்சோர்வு நோய்க்கு எஃப் 32. புள்ளிக்குப் பின்வரும் எண் நோயின் தீவிரத்தைச் சொல்லும்: 0 என்றால் லேசானது, 1 மிதமானது, 2 கடுமையானது, 9 என்றால் தீவிரம் குறிப்பிடப்படாதது.

இந்த ஓர் எண்ணில் என்ன இருக்கிறது? கோரிக்கையைப் பரிசீலிப்பவர் நோயாளியை நேரில் காண்பதில்லை. தாள்களை மட்டுமே காண்கிறார். எஃப் 32.2 என்ற குறியீட்டுடன், உணவை மறுத்தது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தது, இரவுபகல் கண்காணிப்புத் தேவைப்பட்டது ஆகியவை பதிவாகியிருந்தால் உள்நோயாளியாகச் சேர்த்த காரணம் விளங்கும். வெறுமனே 'மன உளைச்சல்' என்றிருந்தால், வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாமே என்ற கேள்வி எழும்.

காய்ச்சல் என்று எழுதினாலோ இடர் இன்னும் பெரிது. மருந்துச் சீட்டில் லித்தியம் இருக்கையில் அப்பொய் நிற்காது. கோரிக்கை நிராகரிக்கப்படும், பாலிசியே ரத்தாகவும் கூடும். பணத்தைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. லித்தியம் உட்கொள்பவருக்குச் சில வலிநிவாரணிகளும் நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளும் இரத்தத்தில் அம்மருந்தின் அளவை ஆபத்தான நிலைக்கு உயர்த்தக்கூடும். நள்ளிரவில் வேறொரு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அங்குள்ள மருத்துவருக்கு உண்மையைச் சொல்வது அந்த டிஸ்சார்ஜ் சம்மரியே.

பாலிசி எடுக்கும்போதும் பழைய மனநோயை மறைக்கக் கூடாது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. காத்திருந்தால் உரிமை கிடைக்கும். மறைத்தால் தேவைப்படும் வேளையில் அது பறிபோகலாம்.

வரம்புகளையும் அறிந்திருத்தல் நலம். பல பாலிசிகள் மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையை விலக்குகின்றன. வெளிநோயாளி ஆலோசனைக் கட்டணமும் பெரும்பாலும் சேராது. மனச்சோர்வும் மதுப்பழக்கமும் சேர்ந்திருந்தால், எதன் பொருட்டு நோயாளி சேர்க்கப்பட்டார் என்பதை மருத்துவர் தெளிவாகப் பதிய வேண்டும். அதற்காக மற்றொன்றை மறைக்க இயலாது.

ஆகவே, நோயாளியைச் சேர்க்கும்போதே பாலிசியையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். முன் அனுமதிப் படிவத்திலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் நோயின் பெயரும் குறியீடும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். ஐயமிருப்பின் வீடு திரும்புமுன் கேளுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் தேவையில்லை.

நோயாளியின் விவரங்களைக் காக்கும் கடமையை அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு எங்கள் மீது சுமத்தியுள்ளது. நீங்கள் மனம்விட்டுக் கூறும் குடும்பச் செய்திகள் காப்பீட்டுப் படிவத்தில் இடம்பெற வேண்டியதில்லை. நோயின் பெயர் மட்டும் உண்மையாக இருக்கட்டும். நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் உள்ள அதே உரிமை அப்பெயருக்கும் உண்டு.