அடைத்த அறையும் திறந்த நூலகமும்

தில்லைத் திருக்கோயிலின் ஓர் அறையில் மூவர் திருப்பதிகச் சுவடிகள் காப்பிடப்பட்டுக் கிடந்தமையும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பிகளும் அவ்வறையைத் திறப்பித்தபோது அவை செல்லரித்துப் புற்று மூடியிருந்தமையும் திருமுறைகண்ட புராணத்தால் அறியப்படும். எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எடுத்தவழி எஞ்சியன சிலவே. அவை இக்காலத்துக்கு வேண்டுமளவு திருவருளால் வைக்கப்பட்டன என்று கொண்டு அன்பர் ஆறுதல் எய்துவர். அஃது ஒக்கும். ஆயினும் அவ்வரலாறு உணர்த்துவது பிறிதொன்றும் உண்டு. அச்சுவடிகளைப் பகைவர் எவரும் அழித்திலர். போற்றற்குரியன என்று கருதியே அடைத்து வைத்தனர். அவ்வடைப்பே அவற்றுக்குக் கேடாய் முடிந்தது.

நூல் அழிதற்கு வாயில் இரண்டு. ஒருவரும் தொடாது கிடந்து அழிதல் ஒன்று. ஓரிடத்தே மட்டும் இருந்து, அவ்விடத்துக்கு வந்த கேட்டால் அழிதல் மற்றொன்று. முன்னையதற்குத் தில்லை அறை சான்று. பின்னையதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் சான்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு அந்நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. ஆறுமுக நாவலர் முதலாயினார் சைவத்தையும் தமிழையும் வளர்த்த நாட்டில் நிகழ்ந்த இவ்விழப்பு நினைக்குந்தோறும் நெஞ்சை வருத்துவது. வேறு படியில்லாத சுவடி ஒன்று எரியின், அதனை மீட்டும் எழுதுவார் யாண்டும் இலர்.

இவ்விரு கேட்டுக்கும் மருந்து ஒன்றே. படிகளைப் பலவாக்கி, வேண்டுவார் எல்லார்க்கும் தடையின்றி வழங்குதலே அது. பொது நூலகம் என்னும் அமைப்பின் உயிர்க்கொள்கையும் இதுவே. சீகாழியின் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்ட சீ. இரா. அரங்கநாதன் அவர்கள் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் சென்னையில் வெளியிட்டார். நூல்கள் பயன்படுதற்கு உரியன என்பது அவற்றுள் முதலாவது. சென்னை மாகாணத்தில் 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறைக்கு எழுந்த முதற்சட்டமாகும். ஊர்தோறும் பொருளிலார்க்கும் நூல் கிடைக்க வழி வகுத்தது அச்சட்டம். அவ்வழியின் நீட்சியே இக்காலத்தில் இணையத்து வாயிலாக வழங்கப்படும் கட்டணமில்லா நூற்றொகுதிகள். அவற்றின் வகைகளும், சைவ நூல் பயில்வோர் அவற்றைக் கொள்ளுமாறும், அவற்றுள் இடறும் இடங்களும் ஈண்டு முறையே விளக்கப்படும்.

நூற்றொகுதியின் மூவகை

இணையத்து வழங்கும் நூல்களை எழுத்துவடிவம், படிமவடிவம், துணைநூல் என மூன்றாகப் பகுத்துக் கொள்க.

எழுத்துவடிவம் என்பது நூலின் எழுத்துக்களைக் கணினியில் உள்ளிட்டு வைப்பது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இவ்வகையில் முன்னோடி. பல நாடுகளில் வாழும் தமிழன்பர் ஊதியம் கருதாது தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் அளித்த நூல்கள் அதன்கண் உள்ளன. தமிழ்நாட்டரசு 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரால் நிறுவியதும், இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுவதுமாகிய அமைப்பின் நூலகத்திலும் பன்னிரு திருமுறையும் மெய்கண்ட சாத்திரங்களும் எழுத்துவடிவில் உள்ளன. ஒரு சொல் எங்கெங்குப் பயின்றுள்ளது என்பதை நொடிப்பொழுதில் தேடிக் காண்டற்கு இவ்வடிவமே ஏற்றது.

படிமவடிவம் என்பது அச்சுநூலையோ சுவடியையோ ஏடு ஏடாக ஒளிப்படம் எடுத்து வைப்பது. மேற்கூறிய கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் 2017இல் தொடங்கப்பெற்றது. கிடைத்தற்கரிய பழம்பதிப்புக்களும் இதழ்களும் அதன்கண் உள்ளன. ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம் உண்டு. நூல், இதழ், செய்தித்தாள், திருக்கோயிற் சிறப்பு மலர் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் ஆங்குப் படிமமாக உள்ளன. எரிந்தவற்றை அது முழுதும் மீட்டுத் தந்ததன்று. இனி ஒரு தீயால் எல்லாம் போதல் இயலாது என்னும் நிலையை ஆக்கித் தந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முதலியவற்றில் உள்ள சைவச் சுவடித் தொகுதி, ஏறத்தாழ 11,000 சுவடிகளைக் கொண்டது. 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் யுனெஸ்கோவால் சேர்க்கப்பட்டது. அந்நிறுவனத்தின் துணையால் உருவாகிய மின் தேவாரம் எண்ணூற்றை அணுகும் பதிகங்களையும், தலங்களின் நிலப்படங்களையும் ஒருங்கே காட்டும். அச்சிற் பண்முறை, தலமுறை என வேறு வேறு பதிப்பாக நின்றவற்றை இத்தகைய தொகுதியில் மாணவன் தன் விருப்பின்படி எம்முறையிலும் ஓதலாம்.

துணைநூலாவன அகராதி, நிகண்டு முதலியன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1939 வரை பிற்சேர்க்கையோடு வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோப் பல்கலைக்கழகம் தென்னாசிய அகராதித் தொகுதியில் கட்டணமின்றி வைத்துள்ளது. 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும் ஆங்கு உண்டு. கல்விக்கழக நூலகத்தில் திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய நிகண்டுகளைக் காணலாம். முற்காலத்து ஒரு மாணவன் இவையனைத்தையும் ஒருங்கு பார்க்க வேண்டின் பெருநகர் சென்று பன்னாள் தங்குதல் வேண்டியிருந்தது.

எல்லா நூலும் இவ்வாறு கிடையாதது என்னை எனின், பதிப்புரிமை காரணம் என்க. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் காலமானபின் 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் வழியினர்க்கு உரியது. அக்காலம் கழிந்தனவும், தமிழ்நாட்டரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டனவும் தடையின்றி வழங்கப்படும். மறைமலையடிகள், திரு. வி. கலியாணசுந்தரனார் ஆகியோர் நூல்கள் நாட்டுடைமையாயின. உரிமையுள்ள நூலைக் களவாற் பரப்புதல் அறமன்று. பொது நூலகத்தின் வழியும் அன்று.

இடறும் இடங்கள்

இனி, இவற்றைக் கொள்வோர் கருதவேண்டுவன மூன்று.

முதலாவது, தேடலின் இயல்பு. கணினி எழுத்தை ஒப்பிடும், பொருளை அறியாது. மலம் என்னும் சொல்லைத் தேடுவான் ஒருவனுக்கு ஆணவ மலமும் மும்மலமும் வருதலோடு, கமலமும் அமலமும் விமலமும் உடன்வரும். தாமரையைக் குறிப்பதும், மலமின்மையைக் குறிப்பதும் மலத்தின் வரிசையிலேயே வந்து நிற்றல் காண்க. இதற்கு மறுதலையாக, வரவேண்டுவன வாராதொழிதலும் உண்டு. அருள் என்று தேடின், புணர்ச்சியால் திரிந்த அருட்பயன் வாராது; உருபேற்ற அருளால் என்பதும் வாராது. எழுத்துத் தொடரை ஒப்பிடும் தேடலில் ஈற்றுப் புள்ளியை விடுத்து அருள எனத் தேடின், அருள், அருளால், அருளே என்பன எல்லாம் அகப்படும். திரிந்த வடிவங்களாகிய அருட், அருண் என்பவற்றைத் தனித்தனியே தேடுதல் வேண்டும். நன்னூற் புணரியலை முறையாகக் கற்றவனுக்கே கணினி நன்கு பணிசெய்யும் என்பது இதனாற் போதரும். இலக்கணப் பயிற்சி இனி வேண்டா என்பார் கூற்று இவ்வாற்றானே மறுக்கப்பட்டது.

இரண்டாவது, பதிப்பறிதல். எழுத்துவடிவில் உள்ள நூல் எப்பதிப்பைத் தழுவியது என்பதை முதற்கண் நோக்குக. உள்ளிடுவோர் கைப்பிழை நேர்தல் இயல்பு. பழைய அச்செழுத்தைக் கணினி தானே படித்து எழுதியதாயின் பிழை இன்னும் மிகும். ஆதலின் ஐயம் நிகழ்ந்துழிப் படிமவடிவை ஒப்புநோக்குதல் கடன். படிமத்திலும் ஆண்டு நோக்குதல் வேண்டும். திருவிடைவாய்த் திருப்பதிகம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கல்வெட்டினின்று கிடைத்தது. அதற்கு முற்பட்ட தேவாரப் பதிப்பின் படிமத்தில் அதனைத் தேடுவோன் காணான். காணாமையால் அஃது இல்லை என்று துணிவானாயின் அவன் துணிவு பிழைபடும். சுவடிப் படிமமோ இன்னும் அருமைப்பாடு உடைத்து. ஓலையிற் புள்ளி இடுதல் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. காலும் ரகரமும் ஒத்திருக்கும். அவற்றைப் படித்தற்குப் பழகியோர்பால் இருந்து கற்றலே வழி.

மூன்றாவது, பரிபாடை. அகராதி பொதுப்பொருளை உரைக்கும். சாத்திரம் தன் குறியீட்டுப் பொருளிற் சொல்லை ஆளும். கேவலம் என்பது உலக வழக்கில் இழிவைக் குறிக்கும். சித்தாந்தத்தில் உயிர் ஆணவம் ஒன்றோடே கூடி அறிவு விளங்காது கிடக்கும் நிலையைக் குறிக்கும். சகலம் என்பது உலகினர்க்கு எல்லாம் எனப் பொருள்படும். சாத்திரத்தில் உயிர் கலை முதலியவற்றோடு கூடிச் சிற்றறிவு விளங்கப்பெறும் நிலை. சுத்தம் என்பது தூய்மை என்னும் அளவில் நில்லாது, மலம் நீங்கித் திருவருளில் அழுந்தும் நிலையை உணர்த்தும். உலகப் பொருளைக் கொண்டு சாத்திரத்தைப் படிப்போன் ஒவ்வொரு வாக்கியத்திலும் வழுவுவான். ஆதலின் அகராதியை முதற்படியாகவும், உரையை அடுத்த படியாகவும் கொள்க. சிவஞான சித்தியார் சுபக்கத்துக்கு அறுவர் உரை உண்டு. ஒன்று கூறுவதை மற்றொன்று மறுக்கும் இடங்களை அருகருகே வைத்து நோக்குதற்கு மின்னூல்கள் பெரிதும் துணைசெய்யும்.

குருமுகம் கெடுமோ எனின்

அற்றேல், சாத்திரம் ஆசிரியன்பால் முறையே கேட்டற்கு உரியதன்றோ? பக்குவம் உடையாரும் இல்லாரும் ஒருங்கே எடுத்துப் படிக்குமாறு பொதுவில் வைத்தல் மரபுக்கு மாறாகாதோ? இவ்வாறு சிலர் வினவுவர். வினா புறக்கணிக்கத் தக்கதன்று. விடை வருமாறு.

நூல் வேறு, உபதேசம் வேறு. நூலகம் வழங்குவது நூலை. நூலின் பொருளை மாணவனது நிலை அறிந்து உணர்த்துவது ஆசிரியன் செயல். அதனை எக்கருவியும் ஏற்றுக்கொள்ளாது. இருளிற் கிடந்த பொருளை விளக்கு காட்டும். எனினும் கண்ணில்லானுக்கு விளக்கு நூறு ஏற்றினும் பயன் இல்லை. கண்ணுடையானுக்கும் விளக்கின்றிப் பொருள் தோன்றாது. இரண்டும் வேண்டும் என்பதே முடிபு. குருமுகத்தை நாடுவோன் நூலைக் கையில் உடையனாய்ச் செல்லின் ஆசிரியன் உழைப்பும் பாதியாகும்.

மேலும், அடைத்து வைத்தலாற் பக்குவர் பெருகினர் என்றல் வரலாற்றால் விளங்கவில்லை. 1785இற் சிவப்பேறு எய்திய மாதவச் சிவஞான முனிவர் அருளிய சிவஞான மாபாடியம் நெடுங்காலம் ஆதீனத்துச் சுவடியாகவே போற்றப்பட்டு, 20ஆம் நூற்றாண்டிலேதான் அச்சேறி முழுதும் எல்லார் கைக்கும் எய்தியது. இடைப்பட்ட நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில், அதனைக் காணும் தவம் உடையராயிருந்தும் காணாது கழிந்தோர் எத்துணையர்! வெளிவந்த பின்னர் அப்பெருநூலின் மாட்சி குறைந்ததில்லை. அதனைத் துறைபோகக் கற்றோர் தொகையே மிகுந்தது. காத்த ஆதீனத்தின் தொண்டும் பெரிது. வெளிப்படுத்திய தொண்டும் பெரிது. காத்தல் வெளிப்படுத்துதற்பொருட்டே எனக் கொள்ளின் இரண்டும் முரணா.

அன்பர் கடன்

இத்துணையும் கூறியவாற்றாற் பெறப்படும் கடமைகள் சில. கணினியும் கைப்பேசியும் பழகாத முதியோர்க்கு இளையோர் நூலை எடுத்துத் தருக. எடுத்துத் தந்ததை முதியோர் இளையோர்க்குப் பொருள் கூறுக. வீட்டில் இணையம் இல்லாதார் அண்மையிலுள்ள பொது நூலகத்தை அணுகலாம். மாவட்ட மைய நூலகங்கள் பலவற்றில் கணினி வசதி உண்டு. பிழை கண்டோர் தம்முள் இகழ்ந்து போகாது, நூலை வழங்கும் அமைப்புக்கு ஏடும் வரியும் குறித்துத் தெரிவித்தல் வேண்டும். ஓர் எழுத்தைத் திருத்தினும் அது பின்வருவார் அனைவர்க்கும் செய்த உதவியாம்.

எல்லாவற்றினும் தலையாய கடமை ஒன்று உண்டு. பழைய இல்லங்களின் பரண்களிலும் திருமடங்களின் பேழைகளிலும் படியெடுக்கப்படாத ஏடுகள் இன்றும் உள. அவற்றை விற்கவும் வேண்டா, கொடுத்துவிடவும் வேண்டா. நம்பத்தக்க நூலகத்தாரை அழைத்துப் படிமம் எடுப்பித்துக் கொண்டு, ஏட்டைத் தம்மிடமே வைத்துக் கொள்ளலாம். ஒரு நாள் உழைப்பில் முடியும் செயல் இது. செய்யாது விடின், செல்லுக்கும் தீக்கும் நாள் குறித்து வைத்தார் எவருமிலர். தில்லை அறையில் எஞ்சியதைத் திருவருள் எஞ்சுவித்தது. இன்று எஞ்சியிருப்பதைக் காத்தற்கு அத்திருவருளே இக்கருவிகளையும் கூட்டித் தந்தது என்று கொண்டு, காலந் தாழாது செய்க.