பழைய சுரங்க மேட்டிலிருந்து மழையில் எவ்வளவு மண் கரைகிறது? கணக்கிடுவது எப்படி?

மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேச எல்லையில் இருக்கும் சிங்ரௌலிக்குப் போனால், திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் மலை மாதிரி மேடுகளைப் பார்க்கலாம். நிலக்கரியை எடுக்கத் தோண்டிய மண்ணையும் உடைந்த பாறையையும் கொட்டிக் கொட்டி உருவானவை அவை. சுரங்கத் துறையில் இதை 'ஓவர்பர்டன்', சுருக்கமாக 'ஓபி' என்பார்கள். கொட்டி முடித்ததும் மேட்டைச் சீரமைத்து மரக்கன்று நடுவார்கள். ஆண்டறிக்கையில் 'இத்தனை லட்சம் மரக்கன்றுகள்' என்று ஒரு எண் வரும்.

ஆனால், பருவமழையில் அந்த மேட்டிலிருந்து எத்தனை டன் மண் அடித்துச் செல்லப்படுகிறது? இந்தப் பகுதியின் ஓடைகள் போய்ச் சேருவது ரிஹந்த் நீர்த்தேக்கத்தில். கரையும் மண் வயலிலும் ஓடையிலும் படியும், கடைசியில் நீர்த்தேக்கத்தில் வண்டலாகும். மேட்டில் செடி வளரத் தேவையான கொஞ்சநஞ்ச மேல்மண்ணும் போய்விடும்.

சரி, இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஐந்து எண்களின் பெருக்கல்

உலகம் முழுக்கப் பயன்படும் ஃபார்முலா 'யூஎஸ்எல்இ'. அமெரிக்க விவசாயத் துறைக்காக விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் உருவாக்கியது. 1965-இல் முதல் கையேடு, 1978-இல் விரிவான கையேடு, 1997-இல் 'ஆர்யூஎஸ்எல்இ' என்ற திருத்திய வடிவம் வந்தன.

ரொம்ப சிம்பிள்: மழையின் தாக்கும் சக்தி, மண் எவ்வளவு எளிதில் கரையும், சரிவின் நீளமும் செங்குத்தும், தரையை என்ன மூடியிருக்கிறது, தடுப்பு வேலைகள். இந்த ஐந்தையும் பெருக்கினால் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு எத்தனை டன் மண் போகும் என்று கிடைக்கும்.

டன் கணக்கு கண்ணுக்குப் பிடிபடாது, இல்லையா? இப்படி யோசியுங்கள். ஒரு ஹெக்டேரில் வெறும் 1 மில்லிமீட்டர் மண் போனால் அது 10 கன மீட்டர், அதாவது சுமார் 15 டன். இந்தியா முழுவதற்கும் 1983-இல் போட்ட மதிப்பீட்டின்படி சராசரி இழப்பு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 16.35 டன்.

சரிவில்தான் சிக்கல்

இந்த ஃபார்முலா விவசாய நிலத்துக்காகச் செய்யப்பட்டது. அதன் அடிப்படைத் தரவு பெரும்பாலும் 3 முதல் 18 சதவீதச் சரிவுள்ள நிலங்களிலிருந்து வந்தது. 18 சதவீதம் என்றால் சுமார் 10 டிகிரி.

ஓபி மேடு அப்படி இல்லை. 2017-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள்படி மேட்டின் சரிவு 37.5 டிகிரியைத் தாண்டக்கூடாது. 30 மீட்டருக்கு மேல் போனால் படிக்கட்டு மாதிரி பெஞ்ச் வெட்ட வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிகளில் ஒட்டுமொத்தச் சரிவுக்குப் பொதுவாக 28 டிகிரி என்று வரம்பு வைக்கிறார்கள்.

அந்த 28 டிகிரியையே எடுத்துக்கொள்வோம். 1978 சூத்திரத்தில் செங்குத்துக்கான மதிப்பு 16.6. 1997 சூத்திரத்தில் 7.4. மேடு அதேதான், விடை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது! எந்தச் சூத்திரம் என்று சொல்லாமல் ஓர் அறிக்கை வெறும் டன் கணக்கு கொடுத்தால், அதை அப்படியே நம்ப வேண்டாம். சுரங்க நிலத்தில் ஆர்யூஎஸ்எல்இ-யைப் பயன்படுத்த அமெரிக்காவில் 1998-இல் தனி வழிகாட்டியே வெளியிட்டார்கள்.

மரம் போதுமா?

இதுதான் முக்கியமான இடம். 1978 கையேட்டின் அட்டவணைப்படி, உழாத வெற்றுத் தரையில் 100 டன் மண் போகிறது என்று வையுங்கள். மற்ற எல்லாம் அப்படியே இருக்க, மூடாக்கை மட்டும் மாற்றினால்:

• சுமார் 4 மீட்டர் உயர மரங்கள், 75 சதவீத நிழல், ஆனால் கீழே வெறும் மண்: 80 டன்
• மரமே இல்லை, தரையில் 60 சதவீதம் புல்: சுமார் 9 டன்
• தரையில் 95 சதவீதம் புல்: 1 டன்னுக்கும் குறைவு

ஏன் இவ்வளவு வித்தியாசம்? இலையிலிருந்து சொட்டும் நீர் 4 மீட்டர் விழுவதற்குள் மறுபடியும் வேகம் பிடித்துவிடும். தரையை ஒட்டியிருக்கும் புல்லும் சருகும்தான் அந்த அடியை வாங்கிக்கொள்ளும், ஓடும் நீரையும் மெதுவாக்கும்.

கோல் இந்தியாவின் துணை நிறுவனமான சிஎம்பிடிஐ, செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலச் சீரமைப்பைக் கண்காணிக்கிறது. பரப்பளவு பார்க்க இது நல்ல வழி. ஆனால், மேலிருந்து எடுக்கும் படத்தில் தெரிவது மரத்தின் தலை. அதன் கீழே புல் இருக்கிறதா, வெறும் மண்ணா என்பதை யாராவது நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஃபார்முலா சொல்லாதது

மழைநீர் தரையில் பரவி ஓடியும், சின்னச் சின்னக் கீறல்கள் வழியாகவும் அரிக்கும் மண்ணை மட்டுமே இது கணிக்கும். ஆள் இறங்கும் அளவுக்குப் பெரிய ஓடைப் பள்ளங்கள் கணக்கில் வராது. மேடு மொத்தமாகச் சரிவதும் வராது. 2016 டிசம்பரில் ஜார்க்கண்டின் ராஜ்மஹல் சுரங்கத்தில் நடந்த சரிவில் 23 பேர் இறந்தார்கள். அந்த ஆபத்துக்கு வேறு ஆய்வு தேவை.

அதனால் கள அளவீடும் வேண்டும். இரும்புக் கம்பிகளை அடித்துவைத்து, மழைக்காலம் முடிந்ததும் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்க்கலாம். ட்ரோன் சர்வேயை இரண்டு முறை எடுத்து ஒப்பிடலாம். ஒரு எச்சரிக்கை: புதிதாகக் கொட்டிய மேடு தானாகவே அமுங்கும். அதையும் அரிப்பு என்று எண்ணிவிடக்கூடாது.

நீங்கள் என்ன கேட்கலாம்?

ஈஎஸ்ஜி அறிக்கை படிப்பதோ எழுதுவதோ உங்கள் வேலையாக இருந்தால், மரக்கன்று எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். மூன்று கேள்வி போதும். தரையில் எத்தனை சதவீதம் மூடாக்கு? ஹெக்டேருக்கு எத்தனை டன், எந்தச் சூத்திரத்தில்? களத்தில் அளந்து சரிபார்த்தீர்களா? மூன்றுக்கும் பதில் இருந்தால், அந்த மேடு உண்மையிலேயே சீரமைக்கப்பட்டதா என்று உங்களால் சொல்ல முடியும்.