அணைக்கரை ஈன்ற துறைமுகம்

சிறு வயதில் நாம் எழுதிப் பழகிய சிலேட்டை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வகைக் கல்லைக் கூரைத் தகடுகளாக்கிப் பல நாடுகளுக்கும் அனுப்பி வாழ்ந்த ஊர் ஒன்றுண்டு. வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கரையிலே, ஸ்னோடன் மலைகளுக்கு அருகில் அமைந்த போர்த்மாடாக் என்னும் சிறு துறைமுகமே அது.

1800-ஆம் ஆண்டில் அங்கே ஊர் இல்லை. கிளாஸ்லின் ஆற்றின் கழிமுகமும் மணல்வெளியுமே இருந்தன. வில்லியம் மடாக்ஸ் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், கடலிடமிருந்து விளைநிலம் மீட்கக் கருதி, கழிமுகத்தின் குறுக்கே ஏறக்குறைய ஒரு மைல் நீளமுள்ள அணைக்கரையை 1811-இல் எழுப்பினார். ஓராண்டு நிறையுமுன், 1812 பிப்ரவரியில், புயல் அதனை உடைத்தது. சுற்றுவட்டாரத்தார் ஆட்களும் குதிரைகளும் தந்து உதவினர். கவிஞர் ஷெல்லியும் பொருள் திரட்ட முன்வந்தார். கரை மீண்டும் நிமிர்ந்தது. மடாக்ஸோ கடனில் ஆழ்ந்தார்.

இங்கேதான் இயற்கை ஒரு விந்தை புரிந்தது. கரையால் திசைமாறிய ஆறு, மணலை அரித்து, ஆழமான வழியொன்றைத் தானே அமைத்துக்கொண்டது. கப்பல்கள் நிற்க இடம் பிறந்தது! 1821-இல் துறைமுகம் அமைக்கச் சட்டம் இசைவளித்தது. 1828-இல் மடாக்ஸ் பாரிஸ் நகரில் காலமானார்.

1836-இல், பிளைனை பெஸ்டினியாக் கற்சுரங்கங்களிலிருந்து துறைமுகம் வரை, இரண்டடிக்கும் சற்றே குறைந்த அகலமுள்ள இருப்புப்பாதை அக்கரையின் மீதே வந்து சேர்ந்தது. கல் ஏற்றிய வண்டிகள் சரிவிலே தாமாக உருண்டு வரும். வெறும் வண்டிகளை மேலே இழுத்துச் சென்ற குதிரைகள், திரும்புகையில் தனி வண்டியில் ஏறிச் சவாரி செய்யும்! 1842-இல் ஹாம்பர்க் நகரம் தீக்கிரையானபோது, அதன் புதுக் கூரைகளுக்கு இத்துறையிலிருந்து சிலேட்டு சென்றது. இவ்வூரார் கட்டிய பாய்மரக் கப்பல்கள் அட்லாண்டிக் கடலையும் கடந்தன. 1914-இல் மூண்ட போர் ஜெர்மானிய வாணிகத்தைத் துண்டித்தது, துறைமுகம் தளர்ந்தது. 1946-இல் அந்த இரயிலும் நின்றது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. ஊதியம் கருதாத தொண்டர்கள் 1955-இல் அணைக்கரை மீது மீண்டும் இரயில் ஓடச் செய்தனர். பாதையின் ஒரு பகுதியை மின்நிலைய நீர்த்தேக்கம் மூழ்கடித்துவிடவே, மலைச்சரிவைக் குடைந்தும் வெட்டியும் புதுப்பாதை அமைத்து, 1982-இல் பிளைனையை எட்டினர். 2021-இல் இச்சிலேட்டு நிலப்பகுதியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இன்று சிலேட்டு ஏற்றிய துறையில் உல்லாசப் படகுகள் மிதக்கின்றன. தெருவிலும் கடையிலும் வேல்ஷ் மொழி ஒலிக்கிறது. அணைக்கரையில் நின்று நோக்கினால் ஒருபுறம் கடல் வாங்கிய மணல்வெளி. மறுபுறம் பசும்புல் நிலமும், அதற்கப்பால் மலைத்தொடரும். மடாக்ஸ் வேண்டியது நிலம். ஊரார் பெற்றதோ துறைமுகம். ஒருவர் இடர்ப்பட்டு எழுப்பிய கரை, அவர் காணாத தலைமுறைகளுக்கும் வாழ்வளித்தது அன்றோ!